நடுச்சதுரம்

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

நீண்ட ஆலோசனைக்குப் பின், பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்குத் தைக்கும் ஒட்டுப்போர்வையின் சதுரங்கள் இரண்டு அங்குலமாகவே இருக்கவேண்டும் என்று இன்று தீர்மானித்தேன். காலமான மனைவியின் சேலைகளை வெட்டத் தொடங்கினேன். மைத்துனி எட்டிப் பார்த்தாள்.

"அத்தான், இது சதுரமோ, தட்டை வடையோ?"

மாலையில் கனடாவிலிருந்து மகள் அழைத்தாள். விசா கிடைக்காததால் தாயின் செத்தவீட்டுக்கு வரமுடியாதவள்.

"அப்பா, அம்மாவின்ரை கலியாணக் கூறைச் சீலையிலை ஒரு துண்டு நடுவிலை வையுங்கோ. பிறக்கிற பிள்ளைக்கு அதைக் காட்டவேணும்."

"ஓம் பிள்ளை."

அழைப்பு முடிந்ததும், துண்டுகளைத் தைத்துக்கொண்டிருந்த மைத்துனி ஊசியைக் கீழே வைத்தாள். "ஏனத்தான் ஓமெண்டனீங்கள்? கூறையை உடுத்தித்தானே அக்காவைச் சுடலைக்கு அனுப்பினனாங்கள்."

முப்பது வருடம் கட்டுரை எழுதப் படிப்பித்த நான் சைக்கிளை வெளியே எடுத்தேன்.

கடை பூட்டுமுன் டவுனுக்குப் போய், கூறையின் நிறத்திலேயே அரக்குப் பட்டில் கால் மீற்றர் வாங்கி வந்தேன்.