விமானத்துக்கு ஒயர் இழுத்த வருஷம்

1963 ஜூன் 9, ஞாயிறு

இன்று கொல்லைக் கொட்டகையில் இருந்தவர்கள்: என் மகன் வேணுகோபால். மருமகள் சகுந்தலா. பேத்தி கோதை. என் நாத்தனார் ரெங்கம்மாள். அவள் புருஷர் சண்முகசுந்தரம், மின்சார ஆபீசில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர். மன்னார்புரத்தில் லாரிகளுக்கு ஒயர் வேலை செய்யும் அடைக்கலம். அப்புறம், வாசற்படிக்கு வெளியே, நான்.

பேர்களை எழுதி வைப்பதற்குக் காரணம் உண்டு. இந்த வீட்டில் ஒரு வார்த்தை பேசுவார்கள், ஆறு மாதம் கழித்து அப்படிச் சொல்லவே இல்லை என்பார்கள். எனக்கு எதுவும் மறக்காது. மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் அந்த வகுப்பில் என் பலப்பத்தை ஒடித்தவள் யார் என்று இன்றைக்கும் சொல்வேன். காளியாயி. வாயால் சொன்னால் கிழவி புலம்புகிறாள் என்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

வேணு பொன்மலை ஒர்க்ஷாப்பில் ரயில் பெட்டி செய்கிறவன். அது போதாமல் வீட்டில் ஏரோப்பிளேன் செய்கிறான். மூன்று வருஷமாகச் செய்கிறான். சண்டைக்காலத்துப் பழைய எஞ்சின் ஒன்று, மற்றதெல்லாம் மரச்சட்டம். முன்னால் ஒருத்தர், பின்னால் ஒருத்தர் உட்காரலாம். இன்னும் துணி போர்த்தவில்லை, பார்த்தால் தின்று முடித்த மீன் மாதிரி இருக்கிறது. விமானப் படையில் இருந்தபோது ஓட்டவும் கற்றுக்கொண்டானாம், சர்க்கார் லைசென்ஸ் இருக்கிறதாம். இறங்கவும் கற்றுக்கொடுத்தார்களா என்று கேட்டேன். சிரிக்கிறான்.

இன்று ஒயர் வேலைக்குப் பூஜை. துணி போர்த்திவிட்டால் உள்ளே கை போகாது, அதனால் ஒயர்தான் முதலில். விளக்கேற்றியவள் ரெங்கம்மாள். என் வீட்டுக்காரர் போன பிறகு என்னை இந்த வீட்டில் விளக்குப் பக்கம் விடுவதில்லை. ரெங்கம்மாளுக்குப் புருஷர் உயிரோடு இருக்கிறார். அவள் வாழ்க்கையில் சாதித்தது அது ஒன்றுதான், அதுவும் அவர் சாதித்தது.

ஜூன் 16, ஞாயிறு

அடைக்கலத்தின் மானம் இன்று போயிற்று.

லாரியில் ஒரு விளக்குக்கு ஒரு ஒயர் போதுமாம். போன கரண்ட் திரும்பி வர இன்னொரு ஒயர் வேண்டாம், லாரியின் இரும்பு உடம்பே அதைத் திருப்பிப் பாட்டரியில் கொண்டுவந்து சேர்த்துவிடுமாம். அதே பழக்கத்தில் இங்கேயும் றெக்கைக்கு ஒன்று, வாலுக்கு ஒன்று என்று ஒற்றை ஒயர் இழுத்து முடித்துவிட்டு ஸ்விட்சைப் போட்டான். ஒன்றும் எரியவில்லை. பல்பை மாற்றினான். பாட்டரியைத் தட்டினான். சூடத்தைக் காட்டினான். கடைசியில் வேணுதான் தலையில் அடித்துக்கொண்டு, இது மரம்டா அடைக்கலம், மரத்துல எங்கடா கரண்ட் திரும்பி வரும் என்றான்.

சண்முகசுந்தரம் காலையிலிருந்து ஈஸிசேரில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தவர். தாம் அப்போதே கவனித்துவிட்டதாகச் சொன்னார். இவர் வேலை பார்த்த காலத்தில் திருச்சி ஜில்லா எப்படி எரிந்தது என்பதுதான் தெரியவில்லை.

றெக்கைகளுக்கு இன்னொரு ஒயர் இழுத்தார்கள், எரிந்தது. வால் பக்கம் நீளம், உள்ளே இடமும் குறுகல். அடைக்கலம் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தான். ஓட்டுகிறவன் காலால் மிதிக்கும் பலகையிலிருந்து வால் வரைக்கும் ஒரு கம்பி வடம் ஓடுகிறது, அதுதான் வாலைத் திருப்புவது. இரும்புதானே என்று திரும்பி வரும் கரண்டை அதில் கட்டிவிட்டான். வால் விளக்கு பளிச்சென்று எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

வேணுவுக்கு ஒரே சந்தோஷம், ஒரு ஒயரின் கனம் மிச்சமாம். கனம் கனம் என்று எல்லாவற்றையும் நிறுத்துப் பார்க்கிறான். சமையலறைத் தராசு கொட்டகைக்குப் போய் எத்தனையோ நாளாகிறது.

ஜூன் 20

தராசைக் கேட்டேன். தரவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

மணிக்கட்டு எரிகிறது. ஆனாலும் எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

ஒயர்களையெல்லாம் சேர்த்து மெழுகு நூலால் நெருக்கமாகக் கட்ட வேண்டும் என்றான் வேணு. இல்லாவிட்டால் எஞ்சின் அதிர்வில் உரசி அறுந்துபோகுமாம். பூக்கட்டுகிற மாதிரி முடிச்சு. வால் கூட்டுக்குள் நுழைந்து கட்ட ஆள் வேண்டும். சகுந்தலா நுழைந்தால் கூடு உடையும். கோதைக்கு உள்ளே பல்லி இருக்குமோ என்று பயம். ரெங்கம்மாளைக் கேட்கவே இல்லை, அவளைப் பார்த்தாலே தெரியும். இந்த வீட்டில் ஒல்லியாக இருப்பவள் நான் ஒருத்தி. ஏன் ஒல்லி என்று யாரும் யோசித்ததில்லை, நல்ல வேளை இப்போது உபயோகப்படுகிறது என்றார்கள்.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குப்புறப் படுத்து உள்ளே ஊர்ந்தேன். வெளிச்சத்துக்கு வால் விளக்கைப் போட்டு வைத்திருந்தார்கள். பாதி தூரம் கட்டியிருப்பேன். கை நழுவி என் காப்பு ஒரு பக்கம் ஒயர் மூட்டிலும் ஒரு பக்கம் அந்த வடத்திலும் இடித்தது. படீரென்று பொறி. மணிக்கட்டில் சூடு வைத்த மாதிரி இருந்தது. கத்தலாம் என்று வாயைத் திறக்கும்போதுதான் அதைப் பார்த்தேன். முன்னால் வேணு எதற்கோ மிதிபலகையை அழுத்தினான். வடம் வாலோடு சேருகிற வளையத்தில், என் மூக்குக்கு நேரே, நெருப்பு துளித்துளியாகச் சிந்தியது. அவன் மிதிக்க மிதிக்கச் சிந்தியது. வடத்தின் இழைகள் அங்கே கறுத்துப் போய், சில இழைகள் அறுந்து துடைப்பம் மாதிரி விறைத்துக்கொண்டிருந்தன.

"வேணு, காலை எடுடா. இங்க நெருப்பு பறக்குது, கயிறு அறுந்துகிட்டு இருக்குடா."

என்னைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். வேணு டார்ச்சோடு உள்ளே பார்த்தான். பார்த்துவிட்டு முதல் வேலையாக வால் விளக்கை அணைத்தான். சண்முகசுந்தரம் விளக்கம் சொன்னார். கரண்ட் அந்தத் தளர்ந்த வளையத்தைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் இழையைத் தின்றுகொண்டிருந்ததாம். இப்படியே துணியைப் போர்த்தி மேலே போயிருந்தால் என்றைக்காவது வடம் அறுந்து வால் திரும்பாமல் போயிருக்குமாம். எல்லாம் சொல்லிவிட்டு, தாம் அன்றைக்கே நினைத்ததாகவும் சொன்னார்.

"நெனச்சதை வாயைத் திறந்து சொன்னா பென்ஷன்ல பிடிச்சுக்குவாங்களாண்ணே?" என்று கேட்டேன். ரெங்கம்மாள் முகம் சுருங்கிவிட்டது. சுருங்கட்டும்.

அப்புறம் வேணு என் கையைப் பிடித்துக் காயத்தைப் பார்த்தான். இதைக் கொட்டை எழுத்தில் எழுத வேண்டும். சாட்சி: சகுந்தலா, கோதை, ரெங்கம்மாள், சண்முகசுந்தரம்.

"இது பறக்கிறப்ப முதல்ல நீதாம்மா ஏறணும். பின்சீட்டு உனக்குத்தான்."

"என்னைக் கொல்றதுக்கு வேற வழி தெரியலையாடா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

ஜூலை 8

அடைக்கலம் வந்தான். கொட்டகைக்குள் போகாமல் நேராக அடுப்படிக்கு வந்து நின்றான். "ஆத்தா, லாரிப் புத்தி போகலை, மன்னிச்சுக்கங்க" என்றான். மோர் கொடுத்தேன். மன்னிப்பெல்லாம் இல்லை. வரிசை நீளம், அவன் கடைசியில் போய் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

பழைய வடத்தைக் கழற்றிப் புது வடம். எல்லா விளக்குக்கும் போக ஒரு ஒயர், வர ஒரு ஒயர். மீதி முடிச்சையும் நானே கட்டினேன், காப்பைக் கழற்றி வைத்துவிட்டு.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

துணி போர்த்தியாகிவிட்டது. மேலே ஏதோ பசை பூசுகிறார்கள், தெருவே நாறுகிறது. பக்கத்து வீட்டார் மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள், போகட்டும், அவர்கள் வீட்டுக் கருவாடு நாறும்போது நாம் என்ன சொன்னோம்.

நான் கட்டிய முடிச்சு ஒன்றும் இனி வெளியே தெரியாது.

கோதை பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஸ்ரீரங்கம் ஒரு தீவு பாட்டி என்றாள். எனக்குத் தெரியாதா? பதினாலு வயதில் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தேன். இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம். தண்ணீர் எடுக்கப் போனேன், துணி துவைக்கப் போனேன், கருமாதிக்குப் போனேன். ஆனால் ஒரு தடவையும் ரெண்டையும் ஒன்றாகப் பார்த்ததில்லை. மேலே போனால் ரெண்டும் ஒரே பார்வையில் தெரியும் என்கிறான் வேணு. நடுவில் நம் ஊர் இருக்குமாம்.

பயமா என்றால் பயம்தான். ஆனால் பார்க்க வேண்டும். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கிழவிக்கு ஆசையைப் பார் என்பார்கள்.

ஆகஸ்ட் 19

எல்லோரும் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். எனக்கென்று அளவெடுத்த மாதிரி இருக்கிறது. தலைக்குக் கட்டப் பழைய நூல் புடவையில் ஒரு துண்டு கிழித்து வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 12

மதராஸிலிருந்து பரிசோதிக்க ஒரு அதிகாரி வந்தார். ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பார்த்தார். வால் பக்கத்து மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தவர், இந்த முடிச்சைக் கட்டியது யார், நன்றாக இருக்கிறதே என்றாராம். "நம்ம வீட்டுலதான் சார்" என்றானாம் வேணு.

வீட்டில். வீட்டுக்குப் பேர் கிடையாதா?

போகட்டும், அவசரத்தில் வாயில் வந்திருக்காது. பறக்கலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அக்டோபர் 6, ஞாயிறு

செம்பட்டு விமான மைதானம். றெக்கையைக் கழற்றி லாரியில் போன வாரமே கொண்டுபோய்ப் பூட்டி வைத்திருந்தார்கள். இருந்தவர்கள் பூஜையன்று இருந்த அதே ஆட்கள்தான்.

முதலில் வேணு தனியாகப் போனான். அது தரையை விட்டுக் கிளம்பியபோது சகுந்தலா கண்ணை மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை, வாலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வட்டம் அடித்து ஒழுங்காக இறங்கினான். அடைக்கலம் பூசணிக்காய் உடைத்தான்.

அப்புறம் பின்சீட்டு. நான் புடவையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, துண்டைத் தலையில் சுற்றித் தயாராக நின்றேன். ரெங்கம்மாள் பட்டுப் புடவையும் தலை நிறையப் பூவுமாக வந்திருந்தாள். வேடிக்கை பார்க்க எதற்கு இத்தனை பூ என்று நினைத்தேன். எனக்குத்தான் புத்தி மட்டு.

சண்முகசுந்தரம் தொண்டையைக் கனைத்தார். "முதன்முதலா ஆள் ஏத்துறோம். ஒரு சுமங்கலி ஏறினா நல்லதுன்னு எனக்குப் படுது."

அடைக்கலம் குனிந்து சக்கரத்தைப் பார்த்தான், அதில் பார்க்க ஒன்றுமே இல்லை. சகுந்தலா ரெங்கம்மாளின் பூவைச் சரி செய்துவிட்டாள். கோதைதான் கேட்டாள்.

"பாட்டிக்குன்னு நீங்கதானேப்பா சொன்னீங்க?"

வேணு கண்ணாடியைக் கழற்றினான். துடைத்தான். மாட்டிக்கொண்டான். என் பக்கம் பார்க்காமல் சொன்னான்.

"இன்னைக்கு அத்தை ஏறட்டும்மா. நீ அடுத்த வாரம் வா. உனக்குத்தான் பயமாச்சே."

ரெங்கம்மாளை ஏற்ற ரெண்டு பேர் வேண்டியிருந்தது. கனம் பார்த்துப் பார்த்து ஒயரைக் குறைத்தானே, அந்தத் தராசு அப்போது எங்கே போயிற்று?

நான் தலைத் துண்டை அவிழ்த்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அவர்கள் மேலே போனார்கள். வந்தார்கள். என்னத்தைப் பார்த்தீங்க என்று எல்லோரும் ரெங்கம்மாளைக் கேட்டார்கள். எல்லாம் பச்சைப் பசேல்னு இருந்துச்சு என்றாள். சாயங்காலம் வேணு சகுந்தலாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அத்தை ஏறினதிலிருந்து இறங்குகிற வரைக்கும் கண்ணைத் திறக்கவே இல்லையாம்.

அக்டோபர் 7

தலைவலி.

அக்டோபர் 13, ஞாயிறு

வேணு வந்து, கிளம்பும்மா என்றான். நாள் சரியில்லை என்றேன். அவன் இன்று அஷ்டமியா நவமியா என்று பஞ்சாங்கத்தைப் புரட்டினான். அதில் இருக்காது.

டிசம்பர் 1, ஞாயிறு

சகுந்தலா போய்விட்டு வந்தாள். கோதை ரெண்டு தடவை போனாள். அடைக்கலம் போய், அங்கேயே வாந்தி எடுத்தான். கோதை என் மடியில் படுத்துக்கொண்டு சொன்னாள், ரெண்டு ஆறும் தெரியுது பாட்டி, நடுவுல நம்ம ஊரு வாழையிலை மாதிரி கிடக்குது என்று. சரி, கேட்டுக்கொண்டேன்.

ஒவ்வொரு ஞாயிறும் வேணு அடுப்படி வாசலில் வந்து நிற்கிறான். ஒரு வாரம் எனக்கு இடுப்பு வலி. ஒரு வாரம் அரிசி ஊறுகிறது. இன்று உள்ளேயே வந்து மணையில் உட்கார்ந்துவிட்டான்.

"நான் பண்ணது தப்புதாம்மா. நாலு பேர் முன்னாடி வாய் வரலை. இப்ப வாயேன்."

ரசம் கொதிக்கட்டும் என்றேன். கொதிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தான். இறக்கி வைத்தேன். அப்புறம் அப்பளம் பொரிக்க எண்ணெயைக் காயவைத்தேன். எழுந்து போய்விட்டான்.

சண்முகசுந்தரத்தின் பேரில் எனக்கு ஒன்றுமில்லை. நாற்பது வருஷமாக அவர் வாயிலிருந்து வேறு என்ன வந்தது? ரெங்கம்மாளையும் விட்டுவிட்டேன். அவ்வளவு உயரம் போய்க் கண்ணை மூடிக்கொண்டு வந்தவளை நான் வேறு என்ன செய்வது. அடைக்கலத்துக்கு மோர் தினமும் உண்டு. காளியாயியைக்கூட விடலாம், உயிரோடு இருக்கிறாளோ இல்லையோ.

மேலே எஞ்சின் சத்தம் கேட்டால் முற்றத்துக்குப் போய், வால் நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறேன். இன்றும் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. தூரத்தில் மறைகிற வரைக்கும் நின்றேன்.

ஆனால் மன்னிக்க முடியாது. ஒருத்தனை மட்டும். பேர் வேணுகோபால்.