நான் ஒட்டிய கால்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அங்கே நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், அந்த நம்பிக்கை கொஞ்சம் கம்மிதான். அப்பா சர்க்கரை டப்பாவைத் தன்னிடமிருந்தே ஒளித்து வைத்துவிட்டு, இடம் மறந்துபோய் மூன்று நாளாக என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம். நீ கட்டுரை எழுதினாயே, எங்கள் மியூசியத்துப் பறவை, கல்லுக்குள் புதைபடிவமாகக் கிடந்த அதை ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஊசியால் சுரண்டி வெளியே எடுத்தவள் நான். போன வாரம் பழைய பசை மஞ்சளாகிவிட்டதே என்று கரைத்துத் துடைத்தேன், கால் எலும்பு தனியாகக் கையோடு வந்துவிட்டது. அதன் அடியில் இருந்த கல் சாம்பல் நிறம், பறவை கிடக்கும் கல்லோ செம்மண் நிறம். பசையில் கல்பொடி குழைத்து நானே பூசியதில் இத்தனை நாள் தெரியவில்லை. குறிப்பேட்டைப் புரட்டினேன், அன்றைக்கு என் மேசையில் இரண்டு பறவைகளின் எலும்புகள், இரண்டு தட்டுகளில். எவ்வளவோ லட்சம் வருஷம் பிந்திய வேறொரு பறவையின் காலை இதற்கு ஒட்டியிருக்கிறேன். கச்சிதமாகப் பொருந்தியது என்று என்னையே மெச்சிக்கொண்டது கூட ஞாபகம் இருக்கிறது.

அந்தக் காலை வைத்துத்தானே, டைனோசர்கள் இருந்தபோதே வாத்துக் குடும்பம் தனியாகப் பிரிந்துவிட்டது என்று எழுதினாய். தலையை மட்டும் பார்த்தால் வாத்தும் கோழியும் பிரிவதற்கு முந்திய பறவை என்றும் சொல்லலாம் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அடுத்த மாதம் உன் வேலையை நிரந்தரமாக்குவதும் அந்தக் கட்டுரையை வைத்துத்தான், அதுவும் எனக்குத் தெரியும். அப்பா, "யாருக்குத் தெரியப்போவுது, பேசாம திரும்ப ஒட்டிடு" என்றார். சொல்லிவிட்டு அவரே சாப்பிடாமல் எழுந்து போனார்.

நேற்றுக் காலை காப்பாட்சியரிடம் இரண்டு கல்லையும் காட்டிவிட்டேன். தப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன், நகல் இதோடு இருக்கிறது. யாரும் கேட்பதற்கு முன்னால் நீயே திருத்தி எழுதிவிடு. உன் உழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேன், கோபம் வந்தால் திட்டு, பேசாமல் மட்டும் இருக்காதே. குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. எங்கே இருந்தாலும் தலை நிமிர்ந்து நன்றாக இருக்க வேண்டும் என் கண்ணு.

உன்னிடம் முதலில் கேட்கவில்லையே என்று நினைப்பாய். "வேணாம்மா, விட்டுடு" என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேன்.

உன் அம்மா