வண்டிக்குள் தட்டியவர்கள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் ஏதோ நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் ஆபரேஷனுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள், உன் தம்பி லீவு போட்டு வருகிறேன் என்றிருக்கிறான்.

நீ வரைந்த பேய்க்கதைப் புத்தகம் வந்து சேர்ந்தது. படக்கதை படிக்கிற வயதா எனக்கு என்று சிரித்துக்கொண்டேதான் பிரித்தேன், பத்தாம் பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. சண்டை நடந்த வருஷம், பள்ளிக்கூடத்தில் அடைத்து வைத்த ஆட்களை ஏற்றிக்கொண்டு கல்குவாரிக்குப் போகிற ரொட்டி வண்டி, அதை ஓட்டுகிற பிசாசுக்கு முகமே இல்லை, பல் மட்டும். அங்கே வந்து சேர்ந்த நம் ஊர்க்காரர்கள் யாரோ சொல்லக் கேட்டிருப்பாய். அம்மாடி, அந்த வண்டியை ஓட்டியது நான். பேக்கரியில் மூன்று வண்டி இருந்தது, ராணுவத்தார் வந்து கேட்டபோது முதலாளி என்னைத்தான் கை காட்டினார். அப்போது உனக்கு மூன்று வயது.

நீ வரைந்ததில் ஒன்றுதான் தப்பு. உள்ளே இருந்தவர்கள் அலறுவதாகப் போட்டிருக்கிறாய். யாரும் அலறவில்லை. தகரத்தில் தட்டினார்கள், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி மெதுவாக. "டிரைவரண்ணே, கொஞ்சம் தண்ணி இருக்குமா" என்று ஒரு பெண் கேட்டாள். என் காலடியில் முழு பாட்டில் இருந்தது. பக்கத்தில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்த அதிகாரி "ஓட்டு" என்றார், ஓட்டினேன். பத்தொன்பது பேர். திரும்பும்போது வண்டி காலி. மறுநாள் அதைக் கழுவி, அதிலேயே கடைகளுக்கு ரொட்டி போட்டேன்.

அந்த அதிகாரிதான் நம் மாடிவீட்டுக்காரர். பதினோரு வருஷமாக அவர் செருப்புச் சத்தம் என் தலைக்கு மேலே. வீட்டை விற்றுவிடலாம் என்று இரண்டு தடவை ஆள் பார்த்தேன், "எங்க போயிடப் போறீங்க, நாம ஒரே வண்டியில போனவங்கல்ல" என்று தோளில் கை போட்டார். போன செவ்வாய்க்கிழமை உன் புத்தகத்தோடு வந்து நின்றார். "பொண்ணு நல்லா வரையுது. ரெண்டாம் பாகம் வேணாம்னு ஒரு லெட்டர் போட்டுடுங்க" என்றார். அவர் போனதும் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், "அந்தத் தண்ணிய யாரு குடிச்சது?" நான்தான் என்றேன். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை, சாப்பாடு மட்டும் வைக்கிறாள்.

அவர் சொன்ன கடிதத்தைத்தான் வாசல் பக்கம் உட்கார்ந்து எழுதுகிறேன். இப்போதுகூடப் படியிறங்கும்போது பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். நீ நிறுத்தாதே. ஆனால் பிசாசாக வரையாதே, பேய்க்கதைதானே என்று எல்லோரும் மூடி வைத்துவிட்டுத் தூங்கிவிடுவார்கள். அவரைச் சட்டை இஸ்திரி போடுகிற மனிதராகவே வரை. என்னையும் நான் இருக்கிறபடியே வரை. அங்கே போர்க் குற்றங்களை விசாரிக்கிற அதிகாரிகள் இருந்தால் இந்தக் கடிதத்தைக் கொடு, குவாரியில் வடக்கு ஓரப் பள்ளம் என்று சொல்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வந்து போகிற தம்பி இதை எடுத்துப்போய் வெளியூர்த் தபாலில் போடுவான். போனில் இதைப் பற்றிப் பேசாதே. ஆபரேஷனுக்கு வராதே, அம்மா கூப்பிட்டாலும் வராதே. உன் கைக்கு ஒரு குறையும் வராமல் நீ நீண்ட நாள் வாழவேண்டும்.

இப்படிக்கு,
ரொட்டி வண்டி ஓட்டிய உன் அப்பா