கிசுகிசுத்த ஐலசா

டேய்,

இன்று காலை நம் படத்தின் ஹார்ட் டிஸ்க்கை அலமாரியிலிருந்து எடுத்தேன். அதைச் சாக்குத் துணியில் சுற்றி வைத்தவன் நீதான். முடிச்சை அவிழ்த்ததும் சுக்கு வாசனை அறை முழுக்க அடித்தது. உடனே தும்மினேன். மட்டாஞ்சேரிக் கிடங்கில் நாம் போட்ட கப்பல் செட்டுக்குள் ஏறிய அத்தனை பேரும் முதலில் செய்த காரியம் அதுதான்.

நீ போய்ச் சேர்ந்ததிலிருந்து அந்தப் பொட்டலத்தை நான் தொடவில்லை. தொட வேண்டிய வேலை இப்போதுதான் வந்தது. காக்கநாட்டில் ஒரு கம்பெனி நம் படத்தை இணையத்தில் வெளியிடக் கேட்டிருக்கிறது. கேட்ட கையோடு நிபந்தனையும் போட்டது. டார்பிடோ தூக்கும் காட்சியை வெட்டித் தர வேண்டும், இல்லாவிட்டால் படமே வேண்டாம் என்று. திரையரங்கில் ஒரு வாரம்கூடத் தாங்காத படம். இதை விட்டால் வேறு யாரும் கேட்கப்போவதில்லை. நீ எடுத்த ஒரே படம் மனிதர்கள் கண்ணில் படுமா, இல்லை சாக்குக்குள்ளேயே கிடக்குமா என்பது என் கையில் வந்து நின்றது.

அந்தக் கதையை என்னிடம் நீ சொன்ன நாள் நினைவிருக்கிறது. பஜார் ரோட்டில் சாயாக்கடை வாசலில் நின்றுகொண்டு, பஸ்ஸைக் கூட விட்டுவிட்டுச் சொன்னாய். கப்பற்படையில் எந்த இடத்திலும் பொருந்தாத ஆட்களை எல்லாம் பொறுக்கி, ஒரு பழைய நீர்மூழ்கிக் கப்பலில் போட்டு, கண்ணில் படாத தூரத்துக்கு அனுப்பிவைக்கிறார்கள். மூடிய அறை என்றால் வியர்த்துப்போகும் கேப்டன். ரகசியம் காக்கத் தெரியாத வயர்லெஸ்காரன். மீன் வாடை ஆகாத சமையல்காரன். நான் சிரித்துச் சிரித்துச் சாயாவைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன்.

"எடீ, சிரிச்சயோல்லியோ? அப்போ நீதான் எடிட்டர்" என்றாய். சம்பளத்தைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

காலியாகக் கிடந்த சுக்குக் கிடங்கில் பிளைவுட்டும் தகரமும் வைத்துக் கப்பல் எழும்பியது. வெளியே இருந்து பார்த்தால் கோழிக்கூடு. உள்ளே போனால் சத்தியமாகக் கடலுக்கடியில் இருப்பது போலவே மூச்சு முட்டும். எல்லாம் சரியாக வந்தது, அந்த டார்பிடோவைத் தவிர. எதிரிக் கப்பலை நோக்கி நீருக்குள் விடுகிற அந்த நீளமான குண்டை மெல்லிய தகரத்தில் செய்திருந்தால் போதும். நீ போய்த் தேவராவில், கப்பல் வேலைக்கே பழகிய ஒரு பட்டறையில் சொல்லிவிட்டு வந்தாய். சினிமாவுக்கு என்று சொல்ல மறந்தும் போனாய். அவர்கள் கடலில் போட்டால் தாங்க வேண்டுமே என்று கவலைப்பட்டு, நல்ல கனமான இரும்பில் அடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

கதைப்படி அந்தக் காட்சியில் எதிரிக் கப்பல் சரியாக நம் தலைக்கு மேலே நிற்கிறது. ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் உயிர் போய்விடும். அந்த நேரம் பார்த்து டார்பிடோ உருண்டு கேப்டன் கால்மேல் விழுந்துவிடுகிறது. சத்தமில்லாமல் அதைத் தூக்க வேண்டும். கொச்சியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வந்த நம் நடிகர்கள் தூக்கிப் பார்த்தார்கள். அது அசையவே இல்லை. ஒருவனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

அப்போதுதான் பரீதிக்கா வந்தார். அந்தத் தெருவின் சுமட்டுத் தொழிலாளிகளுக்கு அவர்தான் தலைவர். அங்கே எந்தக் கிடங்கில் எந்தச் சரக்கைத் தூக்குவதானாலும் அது அவர்கள் வேலை. இதை மறந்துபோய் நாம் நடிகர்களை விட்டுத் தூக்கச் சொல்லியிருக்கிறோம்.

"குண்டாயாலும் சரி, குருமிளகு மூட்டையாயாலும் சரி. இங்க தூக்குறது நாங்களாக்கும்" என்றார்.

வேறு ஒரு டைரக்டராக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பான். நீ அவரை மேலும் கீழும் பார்த்தாய். பின்னால் நின்ற மூன்று பேரையும் பார்த்தாய். "இக்கா, யூனிபார்ம் போட்டுண்டு தூக்குவேளா?" என்று கேட்டாய். அன்று மத்தியானமே நால்வருக்கும் வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்தாயிற்று. பொருந்தாதவர்களின் கப்பலில் இன்னும் நான்கு பேர் சேர்ந்தார்கள்.

ஆனால் சத்தமில்லாமல் தூக்க அவர்களுக்கு வரவில்லை. ஐலசா சொல்லித் தூக்கித் தூக்கியே பழகிய தோள்கள். வாயை மூடச் சொன்னால் ஒருவர் முந்துவார், ஒருவர் பிந்துவார், டார்பிடோ திரும்பவும் கேப்டன் கால்மேலேயே போய் உட்காரும்.

"மோனே, வாய் மூடினா கையும் மூடிப்போகும்" என்று பரீதிக்கா வருத்தத்தோடு சொன்னார். அவருக்கு நிஜமாகவே வெட்கமாகப் போய்விட்டது.

நீ தலையைச் சொறிந்தாய். பிறகு உன் முகத்தில் அந்தத் திருட்டுச் சிரிப்பு வந்தது. "சொல்லுங்கோ இக்கா. ஆனா காதோட காதா சொல்லுங்கோ."

மலை போன்ற நான்கு ஆட்கள், தலைக்கு மேலே சாவு நிற்கும்போது, குழந்தையைத் தூங்கவைக்கிற குரலில் ஐலசா சொல்லி இரும்பைத் தூக்கினார்கள். கேப்டன் வலியில் தன் தொப்பியைக் கடித்துக்கொண்டிருக்கிறார். வயர்லெஸ்காரன் தன் வாயைத் தானே பொத்திக்கொள்கிறான். கிடங்கில் இருந்த எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒலிப்பதிவு செய்தவர் கையை ஓங்கிக்கொண்டு அடிக்க வந்தார்.

சுள்ளிக்கல்லில் பர்னிச்சர் கடை வைத்திருந்த, படத்துக்குப் பணம் போட்ட நம் முதலாளிதான் அன்றைக்கே அதை வெட்டச் சொன்ன முதல் ஆள். "பட்டாளக்காரன் சுமட்டுக்காரன் மாதிரி கத்துவானா?" என்றார்.

"கத்தலையே மொதலாளி, கிசுகிசுக்கறா" என்று நீ சொன்ன தோரணையில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. காட்சி பிழைத்தது. படம் ஓடவில்லை, அது வேறு விஷயம். ஆனால் பரீதிக்காவும் அவர் ஆட்களும் குடும்பத்தோடு வந்திருந்த அந்த ஒரு ஷோவில் அரங்கம் அதிர்ந்ததே, அதை நானும் நீயும் பின்வரிசையில் நின்று கேட்டோம். உனக்கு அது போதுமாயிருந்தது. எனக்குப் போதவில்லை, இன்றும் போதவில்லை.

இன்று காலை அந்தக் காட்சியைத் திரையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எவ்வளவு வெட்டினால் உயிர் மிஞ்சும் என்று பார்க்கலாமே என்றுதான். வெட்டாத மூலப் பதிவைத் திறந்து ஒலியைக் கூட்டினேன். டார்பிடோ பாதி தூக்கிய நிலையில் நான்கு பேரும் ஒரு கணம் மூச்சு வாங்கி நிற்கிறார்கள். இரும்பு நழுவப்போகிறது. அப்போது கேமராவுக்குப் பின்னாலிருந்து ஐந்தாவதாக ஒரு குரல் மெல்ல எடுத்துக் கொடுக்கிறது, "ஐலசா". அந்தக் குரலைக் கேட்டுத்தான் தூக்குகிறார்கள். நீ.

அன்றைக்கே நீ சொன்னாய், "என் சத்தத்தை எடுத்துடு. டைரக்டர் வாயைத் தொறந்தா பின்னே படமாவே இருக்காது." எடுத்தேன். பரீதிக்காவின் குரலை வேறொரு பதிவிலிருந்து கொண்டுவந்து அந்த இடத்தை அடைத்தேன். அது சுத்தமான வேலை, யாருக்கும் தெரியவில்லை. எனக்கே மறந்து போயிருந்தது.

இன்று காலை அதைக் கேட்டு அழுதேன். நன்றாகவே அழுதேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு ஒரு வேலை செய்தேன். மத்தியானம் காக்கநாட்டுக்குப் பஸ் ஏறினேன்.

அங்கே இருந்த பையனின் அப்பா தேனிக்காரராம், அவன் பிறந்து வளர்ந்தது இங்கே. "சேச்சி, அந்த சீன்ல ஸ்டோரி அனங்கவே இல்ல, நின்ன எடத்துலயே நிக்குது" என்றான். எங்கே பார்த்தாய் என்று கேட்டேன். போனில், வேகத்தைக் கூட்டிவைத்துப் பார்த்தானாம். விளக்கை அணை, பெரிய திரையில் போடு, ஒலியைக் கூட்டு, ஒரே ஒரு தரம் முழுதாகப் பார், பிறகும் வெட்டு என்றால் படத்தை எடுத்துக்கொண்டு நான் வீட்டுக்குப் போகிறேன் என்றேன். சும்மா மிரட்டவில்லை, போயிருப்பேன்.

கேப்டன் தொப்பியைக் கடித்தபோது அவன் குலுங்க ஆரம்பித்தான். காட்சி முடிவதற்குள் எழுந்துபோய்த் தன் மேலதிகாரியை இழுத்துக்கொண்டு வந்தான். அவரும் சிரித்தார். வெட்ட வேண்டாம், அப்படியே போகட்டும் என்று அவரே சொன்னார். மகிழ்ச்சியில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

கிளம்பும்போது அந்தப் பையன் கேட்டான். "சேச்சி, நாலு பேருதானே தூக்கறாங்க? அஞ்சாவதா ஒரு சத்தம் கேக்குதே?"

"டைரக்டர்" என்றேன்.

"அது மிஸ்டேக்தானே? நாங்க க்ளீன் பண்ணிடட்டா?"

"வேண்டாம். அந்தக் குரலுக்குத்தான் அவங்க தூக்கினாங்க" என்றேன்.

அதனால் இது உனக்கு ஒரு தகவல். படம் முழுதாக வெளிவருகிறது. பரீதிக்காவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன், தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அன்றைக்கு உன் பேச்சைத் தட்டாமல் படத்தை வெட்டிக் கொடுத்தவள் நான். இந்த ஒரு தடவை, நீ எடுக்கச் சொன்னதைத் திரும்பப் போட்டிருக்கிறேன். கோபித்துக்கொள்வாய், தெரியும். கோபித்துக்கொள்.