ரிலீவர் வரும் வரை

நாள் 41. காலை 6.10
காற்றழுத்தம் சரி. கதவு பூட்டியிருக்கிறது. நான் ஆசிக், நிலாச் சுற்றுப்பாதையில் இருக்கும் தொற்றுநோய் நிலையத்தின் கதவு ஆபரேட்டர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தூசிக் காய்ச்சல் கண்ட ஆறு சுரங்கத் தொழிலாளிகள், ஒரே நர்ஸ். பியூலா சிஸ்டர், நாகர்கோவில்காரர். கூட வந்த இரண்டு நர்ஸும் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். சிஸ்டரும் ராஜினாமா எழுதிவிட்டார். ரிலீவர், அதாவது மாற்று நர்ஸ், வந்து வார்டை ஏற்றால்தான் அவருக்குக் கதவு திறக்கும். அந்த ரிலீவர் இன்று விண்வெளி ஓடத்தில் வருகிறாராம்.

நாள் 41. காலை 9.30
தரைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து: "சிஸ்டர், உங்களுக்காக நாடே இன்னிக்கு விளக்கேத்துது!"
சிஸ்டர்: "ஏத்துங்க சார், கரண்டு மிச்சம். கையுறை எங்க? கழுவிக் கழுவிப் போடுதேன்."
தரை: "பயப்படாதீங்கம்மா."
சிஸ்டர்: "சாவுக்குப் பயந்து போகல சார். ஒருத்தனுக்கு ஊசி போட்டுத் திரும்புறதுக்குள்ள இன்னொருத்தனுக்கு மூச்சு முட்டுது. யாரை விடணும்னு தினம் நானே முடிவு பண்ணணும். அது என்னால முடியாது."
தரை இணைப்பைத் துண்டித்துவிட்டது.

நாள் 41. மதியம் 2.15
ஓடம் வந்தது. ஓட்டுநர் மட்டும்தான். ரிலீவர் பூமியிலேயே ஓடத்தின் ஏணி வரை வந்து, திரும்பி நடந்துவிட்டாராம். நாலு மணிக்கு ஓடம் கிளம்பிவிடும்.
தரை: "ஆசிக், நீ நர்சிங் படிச்சவனாமே?"
"ரெண்டாவது வருஷம் விட்டுட்டு ஓடினவன் சார்."
"பாதி போதும்ப்பா. நீயே ஏத்துக்கோ."
ஓடத்தில் எனக்கும் ஒரு இருக்கை இருக்கிறது. யாரும் தடுக்க மாட்டார்கள்.

நாள் 41. மாலை 3.30
சிஸ்டர் நேற்றே கண்ணாடியின் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டார். ஸ்பீக்கரில் குரல் மட்டும்.
"எலே மக்கா, ஹேண்ட்ஓவர் சொல்லுதேன், கேளு. கேட்டா மட்டும் போதும். ஒண்ணாம் பெட்டு, ஆக்சிஜன் குறைக்காத. ரெண்டாம் பெட்டு, ராத்திரி புலம்புவான், கையைப் பிடிச்சுக்கோ..."
ஆறு நோயாளிகளையும் சொன்னார். நிறுத்தவில்லை.
"ஏழு. பெட்டு இல்ல, தரையில போர்வை. பேரு பியூலா, வயசு முப்பத்தொண்ணு. காய்ச்சல் நூத்தி மூணு. இவ ஓடத்துல வரமாட்டா."
"சிஸ்டர், எப்ப இருந்து?" என்று கத்தினேன்.
"நீ போயிரு மக்கா."
அதன் பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் பதில் இல்லை.

நாள் 41. மாலை 3.52
குரல் பதிவு. கை காலியாக இல்லை, பாதுகாப்பு உடை மாட்டுகிறேன். ஜிப் ஏற மாட்டேன் என்கிறது. ஓட்டுநர் ஸ்பீக்கரில் ஹாரன் அடிக்கிறான். 'வார்டு ஏற்றேன்' பொத்தானை அழுத்திவிட்டேன். அல்லாவே, அழுத்திவிட்டேன்.
கதவு நகர்கிறது. உள்ளே இருட்டு. போர்வை தெரிகிறது. அசையவில்லை.
"சிஸ்டர்... சிஸ்டர், தண்ணி..."
யாரோ ஒரு நோயாளி. பியூலா சிஸ்டர் எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிடுகிறான். என் பக்கம் திரும்பி, என்னைத்தான் சிஸ்டர் என்கிறான்.