அருவிக்கரையில் இரண்டு குடுவைகள்

பைசாந்து, உருகுவே,
ஏப்ரல் 24, செவ்வாய்

அன்பு மகள் ஹிமேனாவுக்கு,

நான் நலம். ஸ்வீடன் குளிர் உன்னை விட்டுவைத்திருக்கும் என்று நம்புகிறேன். அம்மாவைப் பற்றி எழுதக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. "அருவியப் பத்தி எழுது, போதும்" என்றாள். ஆகவே இது அருவியைப் பற்றிய கடிதம். செல்பேசியில் அனுப்பினால் எடுத்துப் படித்துவிடுவாள் என்பதால் காகிதத்தில் எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன். ஐந்து நாளில் சேர்ந்துவிடும் என்று கூரியர்காரர் சத்தியம் செய்கிறார். போன நகரசபைத் தேர்தலிலும் சில சத்தியங்கள் செய்தவர்தான்.

சென்ற வாரம் ஓய்வூதியர் சங்கத்துப் பேருந்தில் எல்லை கடந்து அர்ஜென்டினாவின் இகுவாசு அருவிக்குப் போனோம். பதினேழு மணி நேரம். பேருந்தில் நாற்பது பேர், முழங்கால் வலி எண்பது. கல்யாணம் ஆனதிலிருந்து "அடுத்த வருஷம் போகலாம்" என்று நான் சொல்லிவந்த இடம் அது. இந்த முறை அவள் அடுத்த வருடத்தைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு டிக்கெட்டை மேசையில் வைத்துவிட்டு முட்டை பொரிக்கப் போய்விட்டாள்.

அருவிக்கு முன் குடுவையைப் பற்றிக் கொஞ்சம். இது அம்மாவைப் பற்றியது அல்ல.

ஜனவரி முடிவிலிருந்து நம் வீட்டில் மாத்தே இலைத் தேநீர் குடிக்க இரண்டு சுரைக்குடுவைகள். மூன்று வாரத்துக்கு ஒரு திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் அவள் கையில் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றுகிறார்களே, அது இரத்தசோகைக்கு என்று உன்னிடம் சொல்லியிருந்தோம். இரத்தசோகைக்கு முடி மொத்தமும் கொட்டாது. அதனால்தான் வீடியோவில் அவள் முகத்துக்குப் பதிலாக நீ இரண்டு மாதமாகச் சமையலறைக் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். நோயின் பெயரை எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். எழுதவில்லை. அந்த மருந்து ஏற்றும் காலம் முடியும்வரை இன்னொருவர் வாய் வைத்த குழலில் உறிஞ்சக்கூடாது என்றார் டாக்டர். முப்பத்தெட்டு வருடம் எங்களுக்கு ஒரே குடுவை, ஒரே குழல். கசப்பான முதல் குடுவையை நான் குடிப்பேன். பிறகு வெந்நீர் ஊற்றி நீட்டுவேன், அவள் உறிஞ்சிவிட்டுத் திருப்பித் தருவாள். நாள்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறோம், அப்போதும் குடுவை போய்வந்துகொண்டுதான் இருந்தது. மூன்று முறை ஏற்றியபின் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், என்னிடம் வானிலையைப் பற்றிப் பேசினார்.

இனி அருவி.

பெரிய அருவிக்குச் 'சாத்தானின் தொண்டை' என்று பெயர். சின்ன ரயிலில் இறங்கி, ஆற்றின்மேல் போட்ட இரும்புப் பாலத்தில் ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். வழிகாட்டிப் பெண் சக்கர நாற்காலி வேண்டுமா என்று தயங்கிக் கேட்டாள். அம்மா மகிழ்ச்சியாக வாங்கி, இரண்டு வெந்நீர்ப் பிளாஸ்க்கையும் பையையும் அதில் உட்காரவைத்து என்னைத் தள்ளச் சொன்னாள். வழியில் ஒரு வண்ணத்துப்பூச்சி வந்து அவள் மணிக்கட்டில் உட்கார்ந்தது. அந்த வகைக்கு இறக்கையில் 88 என்று அச்சடித்தாற்போல் இருக்கும். வழிகாட்டிப் பெண் அது அதிர்ஷ்டம் என்றாள். அறுபத்துமூன்று வயதான உன் அம்மா அதை உற்றுப் பார்த்துவிட்டு, "விலாசம் தப்பி வந்துட்டே, போ" என்று ஊதிவிட்டாள்.

அருவியை வர்ணிக்க மாட்டேன். நூலகத்தில் முப்பது வருடம் வர்ணனைகளை அடுக்கி வைத்தவன் நான், அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தண்ணீர் ஏராளமாக விழுகிறது. நிற்பதே இல்லை. எல்லோரும் பிளாஸ்டிக் மழைக்கோட்டின் தொப்பியை இழுத்து மூடியிருந்தார்கள், அதனால் தலையில் துணி கட்டிய உன் அம்மாவை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அரைமணி நேரம் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். திரும்பும்போது பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் தள்ளினேன். பிளாஸ்க்குகளைவிடக் கனமாக இல்லை.

ரயிலடி பெஞ்சில் ஆளுக்கொரு குடுவையோடு உட்கார்ந்தோம். நம் நாட்டுத் தகுவாரெம்போ ஊரைச் சேர்ந்த தார்தோ என்பவர் எதிரே வந்து நின்றார். அக்குளில் பிளாஸ்க் இருந்தால் உருகுவேக்காரர் என்று உலகத்தில் எங்கும் கண்டுபிடித்துவிடலாம். அவர் அக்குளிலும் இருந்தது. "என்ன அண்ணே, புருசனுக்கு ஒண்ணு, பொண்டாட்டிக்கு ஒண்ணு? பாகப்பிரிவினை ஆயிடுச்சா?" என்றார். நம் ஊரில் அப்படி ஒரு காட்சியைப் பார்த்தவர்கள் வேறு என்னதான் நினைப்பார்கள். நான் காலணிக் கயிற்றைக் கட்டக் குனிந்தேன். அது கயிறில்லாத காலணி. அம்மாதான் பதில் சொன்னாள்: "ஆமா தம்பி. இந்தக் கெழவன் அருவியில பாதி கேக்குறான். நான் தரமாட்டேங்கறேன்." அவர் சிரித்துக்கொண்டே போனார்.

நீள மூக்கும் வளையம் போட்ட வாலுமாக அங்கே கோத்தி என்று ஒரு பிராணி திரிகிறது. உணவு தராதீர்கள் என்று கடிபட்ட கையின் படத்தோடு பலகை வைத்திருக்கிறார்கள். அவை படிப்பதில்லை. அம்மா குடித்து முடித்த குடுவையைப் பிஸ்கட் பையில் போட்டதும் ஒரு கோத்தி பையைக் கவ்விக்கொண்டு புதருக்குள் ஓடியது. நான் துரத்தப்போனேன். "விடுய்யா. அதுக்கும் தனியா குடிக்கச் சொல்லியிருப்பாரு டாக்டரு" என்று சிரித்தாள். வெகுநாளைக்குப் பிறகு அப்படிச் சிரித்தாள்.

கடையில் பறவைப் படம் போட்ட குடுவை விற்றார்கள். ஒன்று வாங்கிவருகிறேன் என்று எழுந்தேன். புதுக் குடுவையை ஈர இலை போட்டுப் பழக்க இரண்டு நாளாகும் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"உக்காரு கெழவா. உன்னோடதுல ஊத்திக் குடு" என்றாள்.

டாக்டர் கூடாது என்றாரே என்றேன்.

"திங்கக்கிழமை நான் போகல. இனிமே எந்தத் திங்கக்கிழமையும் போகல."

இப்படிப்பட்ட இடத்தில் மனிதர்கள் என்ன சொல்வார்கள் என்பது எந்த அலமாரியில் எந்த வரிசையில் இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியும். நான் சொன்னது, தண்ணீர் ஆறிவிட்டது என்று.

"ஆறினா என்ன. ஊத்து."

ஊற்றினேன். குழல் அடியில் காற்றை இழுக்கும்வரை உறிஞ்சிவிட்டுக் குடுவையை என்னிடம் நீட்டினாள். அருவி எப்படிச் சத்தம் போட்டது என்று கேட்டால் எனக்கு நினைவில்லை. அந்தக் குழலின் சத்தம் நினைவிருக்கிறது.

நேற்று திங்கட்கிழமை. ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டார்கள். பூசணி ஜாம் அடுப்பில் இருக்கிறது, கிளற ஆளில்லை என்று சொல்லி வைத்துவிட்டாள். இன்று காலை நான் மட்டும் போய் டாக்டரைப் பார்த்தேன். பேச்சோடு பேச்சாக, மகள் டிசம்பரில் வருகிறாள் என்றேன். அவர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

நீ டிசம்பருக்கு டிக்கெட் எடுத்திருக்கிறாய். டிசம்பரில் இங்கே நல்ல வெயில், ஆற்றில் குளிக்கலாம், எல்லாம் சரிதான். ஆனால் மே மாதத்தையும் குறைத்துச் சொல்ல முடியாது. கொல்லையில் ஆரஞ்சு பழுக்கத் தொடங்கும். மே மாதத் தொடக்கம் இன்னும் விசேஷம். ஏன் வந்தாய் என்று அம்மா கேட்பாள். ஜாம் சாப்பிட வந்தேன் என்று சொல். இரண்டு முறை கேட்கமாட்டாள்.

நீ கிளம்புவதற்குள் கெட்ட செய்தி உன் வாசலுக்கு முந்திக்கொண்டு வராமல் இருக்கட்டும். வரும்போது பரிசு எதுவும் வேண்டாம். அங்கே நீ தனியாகக் குடிக்கிற குடுவையையும் கொண்டுவராதே. இங்கே ஒன்று இருக்கிறது. இப்போதைக்கு மூன்று பேருக்கு அது போதும்.

உன் அப்பா,
வில்மார்