முப்பத்தெட்டாம் வரிக்கு இடப்பக்கம்

யூரோப்பா பனித்தளம், வடகுடில்.
பதிபவர்: தில்லைநாயகி, தருக்கவியலாளர்.

நாள் 212, 09:10
எல்லாம் வழக்கம்போல. வெளியே மைனஸ் 160. இங்கே நான். நான்கு கிலோமீட்டர் தள்ளி, தென்குடிலில் துளைப் பொறியாளர் எஸ்தாக்கி. இருவருக்கும் ஆக்சிஜன் பங்கிடும் கணினிக்கு நாங்கள் வைத்த பெயர் தாசில்தார். வாய்ப்பேச்சு அதனிடம் செல்லாது. எதையும் தருக்க முறைப்படி நிறுவி, தாளில் அச்சடித்து, கையொப்பமிட்டு, அதன் கேமராவுக்கு அடியில் வைக்க வேண்டும்.

நிறுவலில் ஒன்றைப் பேச்சுக்காக உண்மை 'என்று கொண்டால்', அந்த வரிகளின் இடப்பக்கம் நெடுகக் கோடு ஓட வேண்டும். கோடு இருந்தால் அது வெறும் அனுமானம். கோடும் இல்லாமல், காரணமும் காட்டாமல் ஒரு வரி நின்றால், அது கையொப்பமிட்டவரின் சாட்சியம்.

அச்சடிக்கும் மென்பொருளோடு வந்த கோடு மயிரிழை. கேமராவில் பனி படிந்ததிலிருந்து தாசில்தாருக்கு அது தெரிவதில்லை. இரண்டு முறை திருப்பிவிட்டது. கோடு போட மென்பொருளில் நானே ஒரு கட்டளை எழுதினேன்: இரண்டு மில்லிமீட்டர் தடிமன், முனைகளில் கொக்கி. உடனே ஏற்றுக்கொண்டது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான்.

ரேடியோவில் எஸ்தாக்கி: "கோடு கிழிக்கதுக்கா ஒன்ன இம்புட்டு தூரம் அனுப்புனாவ?"

நாள் 213, 11:35
பனி அதிர்ந்தது. இரு குடிலுக்கும் நடுவே நாற்பது மீட்டர் அகலத்தில் பிளவு. எஸ்தாக்கிக்கு அடி ஒன்றுமில்லை, ஆனால் அவரது கதவு நசுங்கிவிட்டது. உடல் சென்சார் கம்பியும் அறுந்துவிட்டது.

தாசில்தார்: "தென்குடிலில் உயிர்க்குறி இல்லை. உயிர் இருப்பது நிறுவப்படாவிட்டால் 16:00-க்கு வால்வு மூடப்படும்."

ரேடியோவில் அவர் இருமுவதை நான் கேட்கிறேன். தாசில்தார் அதைக் காதில் போட்டுக்கொள்ளாது.

13:20
நாற்பத்து மூன்று வரி, பெரும்பாலும் ஆக்சிஜன் அளவுகள். எளிய வாதம்தான். எஸ்தாக்கி உயிரோடு இல்லை என்று கொள்வோம். அப்படியானால் அங்கே ஆக்சிஜன் குறையக் கூடாது. குறைகிறது. முரண்பாடு. ஆகவே உயிரோடு இருக்கிறார். அச்சடித்து, கையொப்பமிட்டு, வைத்துவிட்டேன்.

"பதிவு செய்யப்பட்டது" என்று வந்தது. அப்பாடா.

13:41
வால்வை மூடிவிட்டது.

"வரி 38: எஸ்தாக்கி உயிரோடு இல்லை. சாட்சியம் ஏற்கப்பட்டது. வாதம் அதற்கு முரண்படுவதால் தள்ளுபடி. ஆக்சிஜன் குறைவது கசிவினால்."

தாள்களை எடுத்துப் பார்த்தேன். 37-ஆம் வரியோடு முதல் தாள் முடிகிறது. 38 இரண்டாம் தாளின் முதல் வரி. அதற்கு இடப்பக்கம் வெறும் வெள்ளை. என் கட்டளைக்கு முதல் தாளில் மட்டும்தான் கோடு போடத் தெரியும். இரண்டாம் தாள் வரை நீளும் நிறுவலை இங்கே நான் எழுதியதே இல்லை. முதல் தாளைச் சரிபார்த்தேன். இரண்டாவதைப் பிரின்டரிலிருந்து எடுத்து அப்படியே வைத்தேன்.

14:30
பேனாவால் கோடு போட்டு மறுபடி வைத்தேன்.

"சாட்சியத்தைத் திருத்த, தளத்திலுள்ள இருவர் கையொப்பம் தேவை."

தளத்தில் இருப்பதே இருவர்.

"எஸ்தாக்கி என்ற பெயர் பட்டியலில் இல்லை."

தாசில்தாரை உடைக்கலாம். உடைத்தாலும் வால்வு மூடியபடியேதான் நிற்கும். வால்வு இருப்பதோ தென்குடிலுக்கு அடியில், பனிக்குள்.

16:05
சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எஸ்தாக்கி: "ரெண்டாந்தாள நீ பாக்கலையா?"

பார்க்கவில்லை என்றேன்.

எஸ்தாக்கி: "சரி, விடு. நானும் மொத போல்ட்ட நல்லா முறுக்கிட்டு மத்தத அப்படியே விட்டவன்தான். எவ்வளவு நேரம் இருக்கு?"

ஐந்து மணி நேரம் என்றேன். நாலரை என்றுதான் கணக்கு வந்தது.

18:50
பதினோரு நிறுவல்கள் வைத்துப் பார்த்தேன். பதினொன்றும் தள்ளுபடி. "முன்பே பதிவான சாட்சியத்துக்கு முரண்." சாட்சி நான். பேனாக் கோடு நேராக வருவதில்லை.

எஸ்தாக்கி: "எழுதுனது போதும். எதாவது பேசு. மூச்சு முட்டுது எனக்கு."

பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை.

20:32
பதில் இல்லை.

20:55
கூப்பிட்டேன்
இல்லை

நாள் 214, 10:15
தளத்தின் பழுது பார்க்கும் எந்திரம் பிளவைச் சுற்றிக்கொண்டு இப்போதுதான் போய்ச் சேர்ந்து, சென்சார் கம்பியை இணைத்துவிட்டது.

தாசில்தார்: "தங்கள் திருத்த மனு மறுபரிசீலிக்கப்பட்டது. தென்குடிலில் உடல் வெப்பம் இல்லை. வரி 38 சரி. திருத்தம் தேவையில்லை."

நானும் படித்துப் பார்த்தேன். இனி அந்த வரிக்குக் கோடு வேண்டாம்.